பேப்பரில் கூலி, வீட்டுப் பேச்சில் விவசாயி: இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களின் தொழிலும் ஊரும்

2023 ஜூன் 3, கூடலூர் வாசகர் ஒருவர் கேட்டது

எங்கள் கொள்ளுத்தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவர். இது மட்டும்தான் தெரியும், ஊர்ப் பெயர் யாருக்கும் நினைவில்லை. "நாமெல்லாம் ஊர்ல நிலம் வச்சுப் பயிர் செஞ்சவங்க" என்று அத்தை அடித்துச் சொல்கிறார். ஆனால் கையில் இருக்கிற எல்லாப் பேப்பரிலும் தொழில் என்ற இடத்தில் கூலி, இல்லாவிட்டால் தோட்டத் தொழிலாளி. தாத்தா 1974-ல் குடும்பத்தோடு வந்து டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) சேர்ந்தார். அதற்கு முந்தைய தொழில், போன காலம், ஊர் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? அத்தை சொல்வது உண்மையா, பெருமைக்குச் சொல்கிறாரா?

ஜூன் 3, இரவு

முடியும். ஆனால் முசிறியில் தொடங்காதீர்கள், உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தொடங்குங்கள். கடைசியாக எழுதப்பட்ட பேப்பரை முதலில் எடுத்து அங்கிருந்து பின்னால் போக வேண்டும். நேராக ஊருக்குப் போய் நின்றால் யாருக்கும் உங்களைத் தெரியாது.

1974-ல் வந்தவர் என்றால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரண்டு நாடும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. மனிதர்களை இப்படிப் பங்கு போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். ஆனால் அந்தப் பங்கீட்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காகிதம் உண்டானது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை இரண்டையும் தேடுங்கள். யார் யார் வந்தார்கள், என்ன வயது, எந்தத் தோட்டம் என்பதெல்லாம் அதிலிருந்து பிடிக்கலாம்.

டேன்டீ 1968-ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கியது, பிறகுதான் கழகமானது. அதனால் தாத்தாவின் பணிப் பதிவேட்டைக் கேட்கும்போது இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது தாத்தாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி வம்சாவளி தேடுகிறவருக்கு உதவும் காகிதம் நம் பக்கத்தில் கிடையாது. பழைய படிவத்தில் தகப்பனின் தொழிலுக்கும் இனத்துக்கும் தனி இடம் உண்டு. பிற்காலப் படிவத்தில், பாட்டன் இலங்கையில் பிறந்தவரா, அப்படியானால் அவர் முழுப் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதவராக இருந்தால், பூட்டன் அங்கே பிறந்தவரா என்று இன்னொரு கட்டம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்விகள் அவை. எங்கள் சனங்களை வெளியே தள்ளுவதற்குப் பயன்பட்ட அதே கேள்விகள் இன்றைக்குப் பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டன் பேரைச் சொல்கின்றன. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்: பாட்டன் அநேகமாக இந்தியாவில் பிறந்தவர்.

இன்னொன்று. "பெற்றோர் மணமானவர்களா" என்ற இடத்தில் இல்லை என்று இருந்தால் பதறாதீர்கள். தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவு செய்யாமலே வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து என் சித்தப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு இதை விளக்கிச் சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

சான்றிதழின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். முத்திரை, பதிவாளர் பிரிவு, கைநாட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஜூன் 7

மேலே ஒருவர், "கப்பல் பட்டியல் இருக்குமே, அதில் பெயரைப் போட்டுத் தேடினால் போதும்" என்கிறார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்கு அது சரி. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், கிராமம், தாலுகா, ஜில்லா, உடம்பில் உள்ள தழும்பு, யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை எழுதி வைத்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை என்பதால் ஆளைத் தப்பவிடக் கூடாது என்று எழுதியது அது. மொரீஷியசுக்கும் அப்படியே. மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேறிகளின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன.

இலங்கைக்கு அப்படி இல்லை. அங்கே ஆளைக் கொண்டுபோனவர் கங்காணி, அதாவது ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போய்த் தோட்டத்தில் அவர்களை மேய்த்தவர். அரசாங்கத்துக்கும் தோட்டத்துக்கும் தலை எண்ணிக்கை போதும், ஆளின் ஊரும் தகப்பன் பெயரும் தேவைப்படவில்லை. 1901 வாக்கில் தகர டிக்கெட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கழுத்தில் தொங்கவிட்ட சின்ன வில்லை, அதில் பிரதேசத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். வழிச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது. அதில் மனிதன் பெயர் கிடையாது.

கூட்டிப்போன வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தனுஷ்கோடி போட் மெயிலில் போனோம்" என்று வீட்டில் சொன்னால் அது 1914-க்குப் பிறகு. அந்த வருடம்தான் தனுஷ்கோடி–தலைமன்னார் இணைப்பு வந்தது. அதற்கு வெகு முன்னே போனவர்கள் பலர் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியில் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்கு எந்தக் காகிதமும் இல்லை. "மாத்தளைக்கு நடந்து போனாங்க" என்ற பேச்சு வீட்டில் இருந்தால் தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். கூலி வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசு 1939-ல் தடுத்துவிட்டது. ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா தோட்டக் கூலியாகப் போயிருந்தால் அதற்கு முன்னே போயிருக்க வேண்டும்.

ஜூன் 11

நான் சொல்ல வருவதே இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றியுள்ள விவரம்: உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடாதீர்கள். அவரைக் கூட்டிப்போன கங்காணியைத் தேடுங்கள்.

ஏழைக்குக் காகிதம் இல்லை. கங்காணிக்கு உண்டு. கங்காணி ஆள் பிடித்தது முன்பின் தெரியாத இடத்தில் அல்ல, தன் ஊரிலும் பக்கத்து ஊரிலும், தன் சொந்தத்திலும் தன்னை நம்பிய வீடுகளிலும். முப்பது நாற்பது பேரோடு போவார். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊரில் நிலம் வாங்குவார், கோயிலுக்கு மணி வாங்கி வைப்பார், மண்டபம் கட்டிக் கல்லில் பெயர் வெட்டுவார். அந்தக் கல் இன்றும் இருக்கும். ஆக, கங்காணி பெயர் தெரிந்தால் ஊர் தெரிந்த மாதிரி.

கங்காணி பெயர் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் அத்தைக்குத் தெரியும். ஊர்ப் பெயரை மறந்தவர்கள்கூட "நாங்க இன்னார் பெரட்டு" (காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு எண்ணும் கூட்டம்) என்பதை மறப்பதில்லை. பெரிய கங்காணியா, சில்லறைக் கங்காணியா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு. பெரிய கங்காணிக்குக் கீழே பல சில்லறைக் கங்காணிகள் இருப்பார்கள். ஆளின் ஊரைக் காட்டுவது பெரும்பாலும் சில்லறைக் கங்காணிதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கத்துக் காம்பராவில், அதாவது அறையில், இருந்தவர்கள் யார், அவர்கள் திரும்பிப் போன ஊர் எது என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டு ஊர் எனக்குக் கிடைத்தது எங்கள் சொந்தக்காரர் மூலம் அல்ல. நாலு காம்பரா தள்ளி இருந்த ஒரு குடும்பம் தொட்டியம் பக்கம் திரும்பிப் போயிருந்தது. அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு எங்கள் அப்பாயியின் மாமனார் பெயர் தெரிந்திருந்தது. அப்பாயி அந்தப் பெயரைக் கடைசி வரை வாயால் சொன்னதே இல்லை.

ஜூன் 12

துண்டு பற்றி எழுத விட்டுப்போயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டும் என்றால், இந்த ஆள் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார், அதைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதுக் கங்காணி கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார், கடன் ஆளோடு கூடவே போகும். 1921-ல் இந்த முறையை ஒழித்தார்கள். உங்கள் பெட்டியில் மடித்துப் போன ஒரு பழைய சீட்டு, தோட்டத்தின் பெயரும் ஒரு தொகையும் மட்டும் உள்ளதாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜூன் 20

நோட்டில் தமிழ் வருடம் மட்டும் இருக்கிறது, எப்படிப் படிப்பது என்று சேலத்துக்காரர் படம் போட்டிருக்கிறார். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. "தாது ௵ தை ௴ ௧௨ ௳" என்றால் தாது வருஷம் தை மாதம் 12-ஆம் தேதி. சரி, எந்தத் தாது? அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1876–77-உம் தாது, 1936–37-உம் தாது. எங்கள் பக்கத்தில் "தாது வருஷப் பஞ்சம்" என்றால் 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் போனவர்கள் நிறைய. ஆனால் உங்கள் நோட்டில் இன்னொருவர் "தாது வருஷத்தில் பேரன் பிறந்தான்" என்று எழுதியிருந்தால், பேரனின் வயதைப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். காகிதமும் ஒரு சாட்சி: மையா, பென்சிலா, அச்சடித்த கோட்டு நோட்டா என்று பாருங்கள்.

வீட்டில் பழைய சாதகக் குறிப்பு இருந்தால் பிறந்த தேதிக்குச் சான்றிதழைவிட அதையே நான் நம்புவேன். நட்சத்திரம், கிழமை, தேதி மூன்றும் ஒத்து வருகிறதா என்று பஞ்சாங்கத்தில் சரிபார்க்கலாம்.

ஜூன் 21

வயது பற்றி. என் தாத்தா ஒரு பேப்பரில் 38, ஒன்பது வருடம் கழித்து எழுதிய பேப்பரில் 41. அப்பாயி இதைக் கேட்டுவிட்டு, "அதான் கடைசி வரைக்கும் தலை நரைக்கல" என்றார். ஓய்வு பெறும் வயது தள்ளிப்போகட்டும் என்று குறைத்துச் சொன்னவர்கள், வேலை கிடைக்கட்டும் என்று பிள்ளைக்குக் கூட்டிச் சொன்னவர்கள், இரண்டும் உண்டு. வயதை வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். தகப்பன் பெயரும் தோட்டமும் ஒத்தால் அவர்தான்.

ஜூன் 29

இப்போது உங்கள் முதல் கேள்வி. விவசாயியா, கூலியா? அத்தை பெருமைக்குச் சொல்கிறாரா?

அநேகமாக அத்தை சொல்வது உண்மை, பேப்பரும் உண்மை. காப்பிக் காலத்தில், அதாவது 1830-களிலிருந்து 1870-கள் வரை, போனவர்கள் பலர் ஒரேயடியாகப் போகவில்லை. காப்பிப் பழம் எடுக்கும் பருவத்துக்குப் போய், கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள். ஊரில் கொஞ்சம் நிலமோ குத்தகையோ இருந்திருக்கும், மழை பொய்த்தால் அதில் சாப்பிட முடியாது. 1869-ல் காப்பிச் செடியில் இலை நோய் வந்தது. சில வருடங்களில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், குடும்பத்தோடு ஆள் வேண்டும். அப்போதுதான் போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஒரே ஆள் ஊரில் விவசாயி, தோட்டத்தில் கூலி. எங்கே எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

இதைக் காகிதத்தில் காட்ட முடியுமா? முடியும், பத்திரத்தில். பதிவுச் சட்டப்படி பத்திரத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், இருப்பிடம், தொழில் மூன்றும் எழுத வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இண்டெக்ஸ் இரண்டு விதம், ஒன்று ஆள் பெயரில், இன்னொன்று சொத்து விவரத்தில். வில்லங்கச் சான்று இணையத்தில் எடுத்தால் மிகப் பழைய காலத்துக்குப் போகாமல் இருக்கலாம். பழையதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கிடைத்த பிறகு நான் தேடியது எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரை அல்ல, கங்காணி வீட்டுப் பெயரை. அந்த வீட்டார் வாங்கிய, அடமானம் பிடித்த பத்திரங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்றில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. விவசாய ஜீவனம் என்று தெளிவாக இருக்கிறது. கொஞ்சம் புன்செய், கிணற்றில் ஒரு பங்கு, இரண்டும் கங்காணியின் தம்பிக்கு அடமானம். எதற்காக என்று பத்திரத்தில் "குடும்பச் செலவுக்கு" என்றுதான் இருக்கிறது. மீட்ட பத்திரம் இல்லை. தொழில், ஊர், போன காரணம் மூன்றும் ஒரே காகிதத்தில் கிடைத்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் கங்காணியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். எனக்கும் முதலில் அந்தக் கோபம் வந்தது. ஆனால் அப்பாயி சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுத வேண்டும். கொள்ளுத்தாத்தா காய்ச்சலில் கிடந்தபோது பெரட்டில் பேர் விழவைத்து, அரிசிக் கணக்கை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டவர் அதே சில்லறைக் கங்காணி. செத்தபோது தூக்கிப் போட்டவரும் அவர். நிலமும் அவர்கள் வீட்டில்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் கணக்கில் வைத்துத்தான் நான் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஜூலை 9

ஜமீன் கிராமமாக இருந்தால் என்ன செய்வது என்று துறையூர் வாசகர் கேட்கிறார். ரயத்துவாரி கிராமம் (விவசாயியே அரசுக்கு நேராக வரி கட்டிய ஊர்) என்றால் செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் அ-பதிவேட்டிலும் புல எண் வாரியாகப் பட்டாதாரர் பெயர் இருக்கும். ஜமீன் கிராமத்தில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசு நில அளவையும் பட்டாவும் வந்தன. அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. எனவே அங்கே பதிவு பெற்ற பத்திரத்தைத்தான் நம்ப வேண்டும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு: 1948 வரை அது தனிச் சமஸ்தானம், திருச்சி ஜில்லாப் பதிவேட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஜூலை 16

பெண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஊர்க் கணக்கில் எங்கள் வீட்டுப் பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பட்டாவில் இல்லை, அடமானத்தில் இல்லை, கோயில் வரியில் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் (வேலை நாளும் கூலியும் எழுதும் பதிவேடு) இருக்கிறது. கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் பேர், தனி எண். இலங்கையில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி வந்த பிறகு அவர்களுக்கே தனிக் கணக்கு. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரோடு அவர் பிறந்த இடமும் இருக்கும். அதை வைத்து எந்தத் தோட்டத்தில் பிறந்து எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார் என்று அடுத்தடுத்துப் பின்னால் போகலாம்.

எங்கள் அப்பாயியின் அம்மா வழியை நான் அப்படித்தான் பிடித்தேன். மஸ்கெலியாவிலிருந்து பொகவந்தலாவை, அங்கிருந்து புசல்லாவை. தாத்தா வழியைவிட இந்த வழி தெளிவாக வந்தது. புசல்லாவைக்கு முந்தைய இடம் மாத்தளை என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன், காகிதத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

தொழில் என்று கேட்கும்போதும் "கொழுந்து" என்று நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஆயாவாக இருந்தவர், ஸ்டோரில் தூள் சலித்தவர், லயத்தில் பிரசவம் பார்த்தவர் எல்லாம் இருந்தார்கள். ஆண்களிலும் கவ்வாத்து வெட்டியவர், கான் (வடிகால்) வெட்டியவர், தப்பால் (தபால்) சுமந்தவர், துரை (தோட்ட நிர்வாகி) பங்களாவில் அப்புவாகச் சமைத்தவர் என்று பல. பேப்பர் எல்லாரையும் தொழிலாளி என்று ஒரே கோட்டில் எழுதிவிட்டது. கையில் என்ன கருவி பிடித்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், அதற்குப் பதில் உடனே வரும். எங்கள் தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி இன்னும் என் பெரியப்பா வீட்டில் இருக்கிறது.

ஜூலை 17

தப்பால் சுமந்தவரின் பேத்தி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தாவின் பித்தளை வில்லை இருக்கிறதாம். படம் போடுங்கள் அம்மா, எண்ணைப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6

ஊர் தெரிந்துவிட்டது, எப்படிப் போவது என்று கேட்டவருக்கு.

பட்டா, சிட்டா என்று கேட்டுக்கொண்டு ஊருக்குள் நுழையாதீர்கள். பங்காளிகள் பயப்படுவார்கள். 1970-களில் திரும்பி வந்தவர்கள் பலர் சொந்த ஊருக்குத்தான் முதலில் போனார்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்தார்கள் என்று நினைத்து முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் பலர் நீலகிரிக்குப் போனார்கள், வேறு சிலர் ஆலைகளுக்கும் கர்நாடகத்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். என் தாத்தாவும் ஒரு பொழுதுதான் ஊரில் இருந்தார், மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார். கோத்தகிரிக்கு வந்த பிறகு அந்த ஊர்ப் பேச்சை எடுக்கவே இல்லை.

குலதெய்வத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். சாமி கும்பிட வந்தவரை யாரும் விரட்ட மாட்டார்கள். பூசாரி வீட்டிலோ நாட்டாண்மை வீட்டிலோ தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். திருவிழாவுக்கு எந்தெந்த வீட்டில் எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு அது. வெளியூர் போனவர்களுக்கும் சில ஊர்களில் வரி போட்டு, கட்டாவிட்டால் பாக்கி என்று வருடக் கணக்கில் எழுதிக்கொண்டே வருவார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படிப் பாக்கி இருந்தது. நான் அதைக் கட்டினேன். அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள், காப்பி வந்தது, பத்திர நகல் வைத்திருந்தவரின் வீடு எது என்றும் சொன்னார்கள்.

மொய் நோட்டையும் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஊர்ப் பெயரோடு எழுதுவார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் தொழிலையும் சேர்த்து எழுதுவார்கள்: கொழும்பு மளிகைக்கடை, கண்டி கங்காணி மகன் என்று. அரசாங்கம் எழுதாத இடப்பெயர்ச்சி எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. பழைய மொய் நோட்டை எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 19

ஒரு வாசகி தனிச் செய்தியில் எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கமாக வைக்கிறேன். அவருடைய அம்மாயி ஊர்ப் பெயரைச் சொல்ல மறுத்தே இறந்து போனார். அந்த ஊரில் அவர்களைத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடவில்லை. "அங்க போய்க் கேட்டா அவங்க முதல்ல கேக்கறது சாதியைத்தான். நீ எதுக்குப் போற?" என்றாராம். தேடலாமா, வேண்டாமா என்கிறார்.

நான் நிறைய யோசித்தேன். ஊர்ப் பெயர் மறந்துபோனது என்று நாம் சொல்கிற எத்தனையோ வீடுகளில், அது மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கங்காணியின் கூட்டமும் லயமும் சாதி பார்த்துத்தான் பிரிக்கப்பட்டன. ஆக, கங்காணியைத் தேடுங்கள் என்று நான் சொன்ன வழி சாதியைத் தொடாமல் போகாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அவருக்கு என் பதில்: அம்மாயி பிறந்த தோட்டத்திலிருந்து தொடங்குங்கள், ஊருக்குப் போக வேண்டாம். அந்தத் தோட்டத்தில் அவர் செய்த வேலை, வாங்கிய சம்பளம், பெற்ற பிள்ளைகள், வந்த தேதி எல்லாம் அவருடையவை, அவர் மறைக்காதவை. கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள ஊரை அவர் மூடி வைத்தார் என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். வேறு வாசகர்களுக்கு இதில் வேறு கருத்து இருக்கலாம். போய்ப் பார்த்து, அந்தத் தெருவில் செருப்போடு நடந்துவிட்டு வந்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 20

மண்டபம் முகாம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தடுத்து வைத்துத் தொற்று இருக்கிறதா என்று பார்த்த இடம். பிறகு ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியதும் தங்க வைக்கப்பட்ட இடம். 1983-க்குப் பிறகு அகதிகள். போனவர், வந்தவர், தப்பி வந்தவர் மூன்று பேரும் ஒரே கட்டடங்களில் படுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டும் உண்டு.

ஆட்களைச் சேர்க்கும் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் திருச்சியில்தான் இருந்தது. முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்துச் சனம் அவ்வளவு போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 24

முதலில் கேட்ட கூடலூர் வாசகர் தாத்தாவின் பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார். பிறந்த இடம் மஸ்கெலியா. தோட்டத்தின் பெயர் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அத்தை சொல்வது மூன்றாவது. கவலை வேண்டாம். பல தோட்டங்களுக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த பெயர் இன்னொன்று. ஹட்டன் பக்கம் இன்னும் இருக்கிற ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை யாரிடமாவது கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒரு பிரிவுக்குத் தனிப் பெயர் இருந்து அதைத் தோட்டம் என்றே சொல்வதும் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மஸ்கெலியா பழைய நகரம் இப்போது மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில்கள் வெளியே தெரியும். அங்கே போய்ப் பழைய கடைவீதியைத் தேட வேண்டாம், இப்போது இருப்பது மேலே கட்டிய புது ஊர்.

தோட்டத்து அலுவலகத்தில் பழைய செக்ரோல் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். 1972-லும் 1975-லும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-ல் மீண்டும் கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் காகிதம் தொலைந்தது. ஒரு தோட்டத்தில் என்னிடம் "கரையான் தின்னுட்டுது" என்றார்கள், இன்னொன்றில் அலமாரியைத் திறந்தே விட்டார்கள்.

பிறப்புப் பதிவு வேறு, அது அரசிடம் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தால் துரைதான் பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், எனவே பெரும்பாலான பிறப்புகள் பதிவில் உண்டு. மஸ்கெலியா என்றால் நுவரெலியா மாவட்டம். அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். பதிவு எண் தெரியாவிட்டால் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டம், உத்தேச வருடம் கொடுத்துத் தேடல் விண்ணப்பம் போட வேண்டும். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் மனுவில் எழுதுங்கள். கருப்பையா என்ற பெயரை நான் ஐந்து எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் தம்பி, தங்கை பெயரிலும் ஒரு மனுப் போட்டு வையுங்கள். அவருடையது கிடைக்காவிட்டாலும் உடன்பிறந்தவர் சான்றிதழில் அதே பாட்டன் பெயர் இருக்கும்.

நகல் வந்ததும் கங்காணி பெயரோடு இங்கே போடுங்கள். தொட்டியம் பக்கத்து நோட்டுகள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.